பழைய வேன், புது என்ஜின், ஒரு பழைய கேள்வி

உங்களிடம் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் வேன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டை முகம், நெற்றியில் பெரிய வட்ட முத்திரை, பின்பக்கம் என்ஜின். சேலையூர் பக்கம் ஏதோ ஒரு ஷெட்டில் முப்பது வருஷம் தூங்கிய வண்டி. தகரம் துருப்பிடித்திருக்கிறது, தட்டிச் சரி பண்ணிவிடலாம். சீட் கிழிந்திருக்கிறது; தைத்துவிடலாம். என்ஜின்தான் ஜாம். கையால் சுற்றினால் அசையக்கூட மாட்டேன் என்கிறது.

என்ன செய்வீர்கள்?

இந்த மாதிரி நேரத்தில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. ஒருவர், “ஒரிஜினல் என்ஜினையே பிரிச்சுப் போட்டு ஓட்டுங்க சார், இல்லைன்னா அது அந்த வண்டியே இல்லை” என்பார். இன்னொருவர், “தம்பி, காலத்துக்கு ஏத்த மாதிரி தண்ணி சுத்துற என்ஜினா மாட்டு, மலையே ஏறும்” என்பார். காலேஜில் படிக்கும் பையன் ஒருத்தன், “அங்கிள், பேட்டரி மோட்டார் போட்டுடலாம், சத்தமே வராது” என்பான்.

மூன்று பேர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். அதனால்தான் குழப்பம். நடக்காத வழி என்றால் யோசிக்கவே வேண்டாமே!

முதலில் ஏர் கூல்டு சமாச்சாரத்தைப் பார்த்துவிடுவோம். இந்த மாதிரிப் பழைய என்ஜின்களில், எரிகிற பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் என்ஜின் செத்துவிடும். பெரும்பாலான வண்டிகளில் தண்ணீரைச் சுற்றவிட்டு, ரேடியேட்டரில் ஆற்றுகிறார்கள். இந்த வேனில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள். புல்லட்டில் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. அதன்மேல் ஒரு விசிறி காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். சூடான டீயை ஊதிக் குடிப்பதைப் போல. தண்ணீர் இல்லை, ஹோஸ் இல்லை, ஒழுகல் இல்லை. எளிமைதான் அதன் அழகு.

பென் பான் என்ற டச்சு வியாபாரி 1947-ல் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கிய ஒரு படத்திலிருந்து பிறந்த வண்டி அது. 1950-ல் ஜெர்மனியில் உற்பத்தி ஆரம்பமானபோது அதன் என்ஜின் 1131 சி.சி., சுமார் 25 குதிரைசக்தி. இன்றைக்கு ஒரு நடுத்தர மோட்டார் சைக்கிளின் பலம். அதை வைத்துக்கொண்டு எட்டு பேரைச் சுமந்தது.

“ஒரிஜினல்தான் வேணும்” என்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். எந்த ஒரிஜினல்? 1131 சி.சி.யில் ஆரம்பித்த கம்பெனி, 1954 முதல் 1192 ஆக்கியது, பிறகு 1500, 1600 என்று ஏறி, எழுபதுகளின் நடுவில் 2 லிட்டரில் வந்து நின்றது. எல்லாம் காற்றில் குளிர்கிற என்ஜின்கள்தான். ஆனால் செய்தவனே 25 வருஷத்தில் இத்தனை முறை மனசை மாற்றிக்கொண்டான். நாம் மட்டும் ஏதோ ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு, ‘இதுதான் வேதம்’ என்பது என்ன நியாயம்?

இந்தக் கேள்வி வண்டிகளைவிட ரொம்பப் பழசு. கிரேக்கர்கள் தீசியஸ் என்ற வீரனின் கப்பலை வைத்துக் கேட்டார்கள். உளுத்துப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் நிற்பது அதே கப்பலா? நம் பக்கத்தில் மிலிந்தன் என்ற அரசன் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியிடம் பேசுகிறபோது ஒரு தேர் உதாரணமாக வந்தது. அச்சு தேரா? இல்லை. சக்கரம் தேரா? இல்லை. நுகத்தடியா? அதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்திருப்பதற்கு நாம் வைத்துக்கொண்ட பெயர்தான் தேர். இந்தக் கணக்கில் என்ஜின் மட்டுமே வேன் இல்லை. என்ஜின் மாறியதாலேயே வேன் செத்துவிடவும் இல்லை.

தேர் என்றதும் திருவாரூர் ஞாபகம் வராமல் இருக்குமா? ஆழித் தேர் 1926-ல் தீப்பிடித்து எரிந்தது. 1930-ல் புதிதாகச் செய்து ஓடவிட்டார்கள். பிறகு ஓட்டம் நின்று, ரொம்ப வருஷம் நிலையிலேயே நின்றது. 1970-ல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. மரத்தேருக்கு, பாய்லர் செய்கிற தொழிற்சாலையின் பிரேக்! “இது எங்க தாத்தா இழுத்த தேர் இல்லை” என்று திருவாரூர்க்காரர் யாராவது வடத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனாரா? ஒருத்தரும் போகவில்லை.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை பெரிய தேரை நிறுத்துவதற்கு முன்பெல்லாம் முட்டுக்கட்டைதான் கதி. உருளுகிற சக்கரத்துக்கு அடியில் ஒரு மனிதன் குனிந்து கட்டையைப் போட வேண்டும். கை ஒரு நொடி பிசகினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. திருப்புவதற்கு இன்றைக்கும் முட்டுக்கட்டை வேண்டும். ஆனால் நிறுத்துகிற பாரம் முழுவதும் அந்த மனிதன் தலையில் இல்லை. அந்த பிரேக் தேரின் பழமைக்குச் செய்த துரோகம் என்று யாராவது சொன்னால், அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்காதவராகத்தான் இருப்பார்.

‘அதே வண்டியா, வேறு வண்டியா’ என்ற கேள்வியில் ஒரு சுகம் இருக்கிறது. ராத்திரி முழுக்க விவாதம் பண்ணலாம். முக்கியமான கேள்வி அதற்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த வண்டி யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறது?

நான் படித்தது பி.காம். அதில் கற்றுக்கொண்ட ஒரு விஷயம், நம் ஊர் பேலன்ஸ் ஷீட்டில் வலது பக்கம் சொத்து, இடது பக்கம் கடன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் வலது பக்கத்தையே பார்க்கிறார்கள். அழகு, அபூர்வம், பெருமை, நாளைக்கு ஏறப்போகிற விலை. இடது பக்கத்தைக் கொஞ்சம் புரட்டுவோம்.

முதல் கடன்காரர், வண்டிக்குள் உட்காருகிறவர். இந்த வேனில் டிரைவர் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்காருகிறார். அவர் முழங்காலுக்கும் எதிரே வருகிற லாரிக்கும் நடுவில் ஒரு தகரம்தான். ஆரம்ப கால வேன்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 25 குதிரைக்கு அது போதும். அதில் 100 குதிரைசக்தி என்ஜினை மாட்டிக்கொண்டு வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டில் விரட்டினால்? என்ஜின் புதுசு, நிறுத்துகிற சக்தி 1950-க்குச் சொந்தம். பிரேக்கை மாற்றாமல் என்ஜினை மட்டும் பெரிதாக்குவது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அடுத்தவர் உயிரை ஈடு வைத்து வாங்குகிற வேகம் அது.

இரண்டாவது கடன்காரர், ரோட்டோரத்தில் நிற்கிறவர். மே மாத மத்தியானம், பெருங்களத்தூரில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வேறு திறந்தாகிவிட்டது. அந்த ரோட்டில் கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். அங்கே உங்கள் பழைய என்ஜின் கக்குகிற புகையை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணும் அவர் இடுப்பில் இருக்கிற குழந்தையும் சுவாசிக்கிறார்கள். உங்கள் வேன் அழகாக இருக்கிறது என்று அந்தக் குழந்தை கை காட்டவும் செய்யலாம். ஆனாலும் புகை புகைதான். வருஷத்துக்கு நான்கு நாள் ஓட்டுகிறவருக்கு இது சின்னக் கடன். தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிறவருக்குப் பெரிய கடன்.

மூன்றாவது கடன்காரர் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. உங்களுக்குப் பிறகு இந்த வண்டியை வாங்கப்போகிறவர். அவரைப் பற்றிப் பேசுவதற்கு வண்டலூர் வரை போக வேண்டும்.

தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கெஸல் கார்களின் பெயர் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கெஸல் நின்றபிறகு, எழுபதுகளின் கடைசியிலிருந்து ‘ஸ்டாண்டர்டு 20’ என்ற வேன்தான் கம்பெனியின் பிழைப்பு. நம் ஊரில் பிறந்த வேன் என்றால் அதுதான்.

1985-ல் அங்கிருந்து ஒரு புது கார் வந்தது. ஸ்டாண்டர்டு 2000. உடம்பு, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவில் 1977-ம் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய அழகி. அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி8 என்ஜின்கூட உண்டு. நம் ஊரில் அந்த பானெட்டுக்கு அடியில் வைத்தது 1991 சி.சி. என்ஜின். நாற்பதுகளில் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காருக்காகச் செய்த என்ஜினின் வம்சம். அதே குடும்பம்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது, டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. மட்டமான என்ஜின் என்று யாரும் சொல்ல முடியாது. வயலிலும் ரேஸிலும் பெயர் வாங்கியது. ஆனால் அந்த உடம்பு கொடுத்த வாக்கை அந்த என்ஜினால் காப்பாற்ற முடியவில்லை. விலை அதிகம், பெட்ரோலும் அதிகம் குடித்தது. மூன்று வருஷத்தில், 1988-ல், எல்லாம் முடிந்துபோனது. அந்த நிலத்தில் இப்போது ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

எந்த என்ஜின் என்பது ஸ்பேனர் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமில்லை என்று இதனால்தான் சொல்கிறேன். வெளித்தோற்றம் ஒரு வாக்குறுதி. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள், ஏறி உட்காருகிறார்கள், பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றுகிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓட்டலில் அதே பெயர்ப் பலகை, அதே பித்தளை டபரா. சமையல்காரர் மட்டும் மாறிவிட்டார். ‘ஆள் மாறிவிட்டார்’ என்று சொல்லியிருந்தால் புதுக் கையை ரசித்துச் சாப்பிட்டிருப்போம். சொல்லாததால் ஏமாந்த மாதிரி இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் பிரேசிலில் இருக்கிறது. அங்கே இந்த ஃபோக்ஸ்வாகன் வேனை 2013 கடைசி வரை தயாரித்தார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும், 2005 கடைசியில் கம்பெனியே காற்று என்ஜினைத் தூக்கிவிட்டு, தண்ணீரில் குளிர்கிற 1.4 லிட்டர் என்ஜினை வைத்தது. அதற்கு ரேடியேட்டர் வேண்டுமே? முன்முகத்தில் கறுப்பாக ஒரு கிரில் வைத்தார்கள். அழகைக் கெடுத்துவிட்டதாக ரசிகர்கள் இன்றுவரை முனகுகிறார்கள். எனக்கு அந்தக் கறுப்பு கிரில் பிடித்திருக்கிறது. ‘உள்ளே நான் மாறிவிட்டேன்’ என்று அந்த வேன் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு வருகிறது.

நம் திருவொற்றியூரில் வளர்ந்த புல்லட் கதையும் ஏறக்குறைய இதுதான். 2010 வாக்கில் பழைய வார்ப்பிரும்பு என்ஜின் போய், யு.சி.இ. என்ற புது என்ஜின் வந்தது. புகை விதிகள் முக்கியமான காரணம். “அந்த டப் டப் சத்தம் போச்சே” என்று அழாத புல்லட்காரர் இல்லை. ஆனால் பழசைப் புதுசு என்றோ, புதுசைப் பழசு என்றோ யாரும் விற்கவில்லை. பழைய சத்தம் வேண்டியவர் தேடிப்பிடித்துப் பழைய வண்டியை வாங்கினார். மற்றவர் புதுசை வாங்கினார். இருவருக்கும் தான் வாங்குவது என்ன என்று தெரிந்திருந்தது.

கணக்குப் பாடத்திலும் இதே தர்மம்தான். ஒரு கம்பெனி தேய்மானம் போடுகிற முறையை மாற்றக்கூடாது என்று சட்டமில்லை. தக்க காரணம் இருந்தால் மாற்றலாம். ஆனால் மாற்றினேன், இதனால் லாபம் இவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்று குறிப்பில் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு மாற்றினால் நிர்வாகம். சொல்லாமல் மாற்றினால் அதற்கு வேறு பெயர்.

புராதனக் கட்டடங்களைப் பழுது பார்ப்பவர்கள் 1964-ல் வெனிஸ் நகரத்தில் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். புதிதாகச் சேர்க்கிற பகுதி பழையதோடு இசைந்து போக வேண்டும். அதே சமயம் புதுசு என்று பிரித்துப் பார்க்கவும் முடிய வேண்டும். கல்லுக்குச் சொன்னது தகரத்துக்கும் பொருந்தும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் தனிப் பதிவும் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு நம்பர் பிளேட்டும் கிடைக்கும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று சில காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. பொக்கிஷமாக வைத்துக்கொள்வதென்றால் அப்படியே வை, ஊர் சுற்றுகிற வண்டியாக வேண்டுமென்றால் மற்ற வண்டிகளுக்கான விதிகளுக்குள் வா என்கிறது சட்டம். என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புது என்ஜின் நம்பரை ஏற்ற வேண்டும். அலைச்சல்தான். ஆனால் அந்த ஒரு வரிதான் அடுத்து வாங்குகிறவருக்கு நீங்கள் எழுதி வைக்கும் கடிதம்.

“என் வண்டி, என் காசு, உனக்கென்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஷெட்டுக்குள் இருக்கிற வரை எனக்கொன்றும் இல்லை. வாசலைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிய நிமிஷத்திலிருந்து நாங்களும் அந்தக் கணக்கில் இருக்கிறோம்.

“அப்ப அசல் என்ஜினுக்கு மரியாதையே கிடையாதா?” என்றும் கேட்கலாம். உண்டு. இதுதான் நான்காவது கடன். அந்த என்ஜினைக் கற்பனை செய்தவர், வார்த்தவர், அதன் வால்வு இடைவெளியைக் காதாலேயே கேட்டுச் சரிசெய்த மெக்கானிக் - இவர்களின் புத்தி அந்த இரும்பில் இருக்கிறது. பேட்டரி மோட்டாரில் எல்லா நன்மையும் உண்டு, அந்தத் தையல் மெஷின் சத்தம் மட்டும் வராது. 2020-ல் ஃபோக்ஸ்வாகனே 1966 மாடல் வேன் ஒன்றுக்கு மின் மோட்டார் வைத்துக் காட்டியது. ஓடியது. ஆனாலும் ஏதோ ஒன்று போய்விட்டது என்று அந்த வண்டியின் பழைய ரசிகர் வருத்தப்பட்டால், அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. எந்தப் பேரேட்டிலும் ஏறாத நஷ்டம் அது. நஷ்டம்தான்.

அதனால்தான் ஒன்று சொல்வேன். என்ஜினை மாற்றுங்கள், ஆனால் எதையும் வெட்டாதீர்கள். சேசிஸை அறுத்து, பாடியை வெல்டிங் பண்ணிப் புது என்ஜினைத் திணித்துவிட்டால் திரும்பிப்போக வழி இல்லை. போல்ட் போட்டு மாட்டியதை நாளைக்கு ஒருவர் கழற்றலாம். எடுத்த பழைய என்ஜினைப் புதுப்பேட்டையில் கிலோ கணக்கில் எடை போட்டு விடாமல், கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, ஷெட்டின் மூலையில் வையுங்கள். நமக்குத் தெரியாத ரிப்பேர் பின்னால் வருகிறவருக்குத் தெரிந்திருக்கலாம். நம் ரசனைதான் கடைசி ரசனை என்று நினைப்பதற்கு நாம் யார்?

சரி, எந்த என்ஜின்? சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ராலிக்கும் பண்டிகைக்கும் மட்டும் எடுக்கிற வண்டி என்றால், அதே காற்று என்ஜின். செலவைப் பார்க்காதீர்கள், பிரித்துப் போட்டு உயிர் கொடுங்கள். குடும்பத்தோடு வாரா வாரம் மாமல்லபுரம் போகிற வண்டி என்றால், முதலில் பிரேக், பிறகு சீட் பெல்ட், அதற்குப் பிறகு என்ஜின். அந்த என்ஜினும் அந்த பிரேக் தாங்குகிற அளவுக்குத்தான். தினமும் நெரிசலில் நிற்கிற வண்டி என்றால், அந்தக் காலேஜ் பையன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

எதைப் போட்டாலும், கதவின் உள்பக்கம் ஒரு தகட்டை அடித்து வையுங்கள். என்ன என்ஜின், எந்த வருஷம் மாற்றியது, எந்த மெக்கானிக் மாற்றினார், பழைய என்ஜின் எங்கே இருக்கிறது என்று நான்கு வரி போதும். மெக்கானிக் பெயரை மறக்காமல் போடுங்கள். அந்த வண்டியை எழுப்பியது அவர் கை.